கமர்கட் நிறத்தில் ஒரு பீர்

ராயபுரத்தில் வளர்ந்த எங்களுக்கு பீர் என்றால் கடையில் கிடைக்கிற ஸ்ட்ராங் லாகர்தான், பல் கூசுகிற அளவுக்கு ஜில்லென்று இருந்தால் போதும் என்று குடித்தே பழகிவிட்டோம். போன வாரம் பெங்களூரில் மாமா பையனோடு ஒரு சின்ன ப்ரூவரிக்குப் போனேன், அவர்களே காய்ச்சி அங்கேயே ஊற்றித் தருகிற இடம், ஆம்பர் ஏல் என்கிற பீர் வகையை வாங்கினோம்.

நிறம் அப்படியே கமர்கட்! சாயம் எதுவும் இல்லை, முளைகட்டிய பார்லியைப் பாகு ஏறுகிற மாதிரி வறுத்த கேரமல் மால்ட் தருகிற நிறம் அது. முதல் வாயில் ஒன்றும் தெரியவில்லை, ரொம்பக் குளிர். சரி என்று பத்து நிமிடம் வைத்துவிட்டுக் குடித்தேன், அப்புறம்தான் பன் ஓரத்துக் கருகல் வாசனை, வெல்லப்பாகு, கடைசியில் அடிநாக்கில் ஹாப்ஸ் என்கிற, பீரில் போடுகிற பூவின் லேசான கசப்பு என்று ஒவ்வொன்றாக வந்தது. ஏல் 20 டிகிரியை ஒட்டிய சூட்டில் நொதிக்கிறது, லாகருக்கு 10 டிகிரி வாக்கில் குளிர் வேண்டும், ஏலில் லேசாகப் பழ வாசனை வருவதற்கு இந்தச் சூடும் அதில் போடுகிற ஈஸ்டும்தான் காரணம்.

தொட்டுக்கொள்ள வேர்க்கடலை மசாலா கொடுத்தார்கள். எனக்கோ காசிமேட்டு வஞ்சிரத்தை மிளகாய்த்தூள் போட்டு மொறுமொறுவென்று வறுத்து இதோடு சாப்பிட வேண்டும் போலவே இருந்தது.