ஒகேனக்கல்: தண்ணீர் வடிந்த நாளும் பரிசல் இறங்கும் நாளும்

ஒகேனக்கல்லுக்கு வருமானம் வரும் வாரமும் வெள்ளம் வரும் வாரமும் ஒன்றுதான். ஆடி 18 என்பது ஆகஸ்ட் 2 அல்லது 3. கர்நாடகத்தின் கபினி, கிருஷ்ணராஜ சாகர் அணைகள் நிரம்பி உபரி நீரைத் திறந்துவிடுவதும் அநேகமாக அந்த நாட்களில்தான். 2018, 2022, 2024 மூன்று ஆண்டுகளிலும் நீர்வரத்து லட்சம் கன அடியைத் தாண்டியது. 2024-இல் ஜூலை 30 அன்று மேட்டூர் அணை அதன் முழு அளவான 120 அடியைத் தொட்டது. அடுத்த நாலு நாளில் ஆடிப்பெருக்கு. பரிசல் ஓட்டுபவர், எண்ணெய் தேய்த்துவிடுபவர், மீன் வறுப்பவர், வாங்கிவந்த மீனைக் கரையிலேயே சமைத்துத் தரும் பெண்கள் என்று அத்தனை பேருக்கும், பரிசலுக்கும் குளியலுக்கும் நிர்வாகம் தடை போடும் ஒரே நாளில் வேலை நின்றுபோகும்.

தண்ணீர் இறங்க ஆரம்பித்ததும் கரையில் எழும் முதல் கேள்வி, "அதான் குறைஞ்சிருச்சே, இன்னும் என்ன தடை?" என்பது. கேட்பவர்கள் மேல் தப்பில்லை, வயிறு கேட்கிறது. ஆனால் காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் அளக்கும் கன அடி ஆற்றின் ஒரு பக்கக் கணக்குதான். அணையை மூடினாலும் கர்நாடகப் பக்கத்துக் கிளையாறு அர்க்காவதியிலோ, நம் பக்கம் அஞ்செட்டி, நாற்றாம்பாளையம், கேரட்டி, ராசிமணல் பகுதிகளிலோ ஒரு ராத்திரி நல்ல மழை பிடித்தால் காலையில் தண்ணீர் நிறம் மாறிவிடும். பஞ்சப்பள்ளிப் பக்கம் பெய்தால் சின்னாறும் சேர்ந்துகொள்ளும். ஆகவே ஒரு நாள் குறைந்ததைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. மூன்று நாள் தொடர்ந்து இறங்குகிறதா, மேலே மழை நின்றுவிட்டதா என்று இரண்டையும் பார்க்க வேண்டும்.

இன்னொரு பக்கம் ஆற்றின் அடி. பெருவெள்ளம் மணல்திட்டை நகர்த்தும், பாறை இடுக்கில் மரத்தைச் செருகிவிட்டுப் போகும், போன மாதம் இல்லாத இடத்தில் சுழலை உண்டாக்கும். இருபது வருடம் துடுப்புப் போட்டவருக்கும் வெள்ளத்துக்குப் பிறகு அது புது ஆறுதான். தடம் பார்க்க ஆள் ஏற்றாத இரண்டு பரிசல்கள் போதும். மூத்த கைகள் இரண்டும், நீளமான மூங்கில் கழி ஒன்றும் வேண்டும். முன்னால் போகும் பரிசலிலிருந்து பத்தடிக்கு ஒரு தடவை கழியை ஊன்றி ஆழம் பார்த்துக்கொண்டே போக வேண்டும், பின்னால் வருபவர் இடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். வெயில் உச்சிக்கு வந்த நேரமே இதற்கு ஏற்றது. அப்போதுதான் தண்ணீருக்குள் பாறையின் நிழல் தெரியும். மூழ்கிய மரக்கிளையே பெரிய ஆபத்து. பாறையில் மோதினால் பரிசல் சுற்றிக்கொண்டு விலகிவிடும், கிளை அடித்தோலைக் கிழித்துவிடும். தேங்கி நிற்கும் மடுக்களில் முதலை தங்கியிருக்கிறதா என்றும் ஒரு கண் வைக்க வேண்டும்.

இனி பரிசல். சேற்றில் கிடந்ததைத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, கவிழ்த்துப் போட்டு, குறைந்தது மூன்று நாள் காய வைக்க வேண்டும். இங்கேதான் அவசரம் காசைத் தின்னும். மூங்கில் பின்னலின் மேல் போர்த்திய சாக்கு ஈரமாக இருக்கும்போதே பூசிய தார் அப்போதைக்குப் பளபளவென்று இருக்கும், பத்து நாளில் கொப்புளம் விட்டு அப்பளம் போல உரியும். காய்ந்ததும் ஒரு ஆள் கவிழ்த்த பரிசலுக்குள் புகுந்து உட்கார்ந்து மேலே பார்க்கட்டும். வெளிச்சம் நட்சத்திரம் போலத் தெரியும் இடமெல்லாம் ஓட்டை. உள்ளிருந்து விரலை வைத்துக் காட்ட, வெளியே இருப்பவர் சுண்ணாம்பால் வட்டம் போட்டுவிடலாம். முறிந்த மூங்கில் பத்தையைக் கயிறு சுற்றி ஒப்பேற்றுவது வீண் வேலை. முறிவுக்கு இரண்டு பக்கமும் ஒரு முழம் தாண்டும்படி புதுப் பத்தையைப் பின்னலுக்குள் செருக வேண்டும், அதையும் முதல் நாளே ஊறப்போட்டிருக்க வேண்டும். காய்ந்த பத்தை வளைக்கும்போதே தெறிக்கும். தாரைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் பிளாஸ்டிக் சாக்கு சுருங்கிப் பெரிய ஓட்டையாகிவிடும். இறக்கிவைத்து, குச்சியில் எடுத்தால் நூலாக ஒழுகும் பதத்தில் பூச வேண்டும்.

லைஃப் ஜாக்கெட்டைத்தான் யாரும் சோதிப்பதில்லை. சேறு படிந்ததை நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காய வைக்க வேண்டும், வெயிலில் போட்டால் துணி இற்றுப்போகும். பிறகு, பெரியவர்கள் போடும் ஜாக்கெட்டில் ஏழு கிலோ இரும்பு எடைக்கல்லைக் கட்டித் தொட்டியில் போடுங்கள். அது மூழ்கினால் அந்த ஜாக்கெட் ஆளையும் தாங்காது. உள்ளே இருக்கும் பஞ்சை அழுத்திவிட்டுக் கையை எடுத்தால் பழையபடி எழும்ப வேண்டும். பூட்டு உடைந்ததைக் கயிறு கட்டி மாட்டிவிடுவது வழக்கமாகிவிட்டது, தயவுசெய்து வேண்டாம்.

சமையல் பக்கம் ஒரே விஷயம், தண்ணீர். 1000 லிட்டர் தொட்டிக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர், கலக்கி ஒரு மணி நேரம் விட வேண்டும். கலங்கல் தண்ணீரில் நேராகப் போட்டால் மருந்தைச் சேறே குடித்துவிடும். தெளியவைத்த பிறகுதான் போட வேண்டும்.

இத்தனையும் தெரிந்தவர்கள்தான் அவசரப்படுகிறார்கள். காரணம், வெள்ளம் வந்தாலும் குழுக்கடன் வாரத்தவணை நிற்காது. அதனால் தொழில் நடக்கும் நாளில் எல்லோரும் போட்டு, தடை நாளில் பிரித்துக்கொள்ளும் பொதுப்பணம் என்பது தர்மக் கணக்கு இல்லை, ஜாக்கெட்டைப் போல அதுவும் ஒரு பாதுகாப்புச் சாமான். ஒரு கணக்கு: தடை 30 நாள், வீட்டுக்கு நாளுக்கு 200 ரூபாய் என்றால் 6,000 ரூபாய். தொழில் நடக்கும் 150 நாளில் வீட்டுக்கு 40 ரூபாய் போட்டுவந்தால் அது சேர்ந்துவிடும். பரிசல் கணக்கில் பிரிக்காமல் வீட்டுக் கணக்கில் பிரிக்க வேண்டும். பரிசல் கணக்கென்றால் உரிமம் உள்ளவருக்கு மட்டும் போகும், துடுப்புப் போட்டவரும் சமைத்த பெண்ணும் வெளியே நிற்பார்கள். நிவாரணப் பட்டியலிலும் இதே ஓட்டைதான். ஆனி மாதமே வீட்டுவாரியாகப் பெயர், செய்யும் தொழில், வங்கிப் புத்தக நகல், பரிசல், அடுப்பு, பாத்திரங்களின் தேதியிட்ட போட்டோ எல்லாம் ஒரு கோப்பில் இருந்தால், வெள்ளத்துக்குப் பிறகு அலைச்சல் பாதி குறையும்.

வெளியூர்க்காரர்களுக்குச் செய்தி சொல்வதும் வேலையில் சேர்த்திதான். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலை ஒட்டி ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ., அரூரில் 33 செ.மீ. கொட்டியது. அது தென்பெண்ணைப் பக்கம், ஒகேனக்கல் காவிரி. டிவியில் 'தர்மபுரி வெள்ளம்' என்று ஓடும்போது பெங்களூரிலிருந்து கிளம்ப இருப்பவருக்கு அது எங்கே தெரியும்? தினமும் காலையில் நீர்வரத்து எத்தனை கன அடி, குளிக்க அனுமதி உண்டா, பரிசல் உண்டா என்ற மூன்று வரியும், அன்றைக்கு எடுத்த ஒரு போட்டோவும் வாட்ஸ்அப்பில் போனால் போதும். 'இல்லை' என்ற நாளிலும் அதைப் போட வேண்டும். அப்போதுதான் 'உண்டு' என்று போடும் நாளில் நம்புவார்கள்.

நிர்வாகம் அனுமதி கொடுத்ததும் ஞாயிற்றுக்கிழமை திறக்காதீர்கள். செவ்வாய் அல்லது புதன் நல்லது, கூட்டம் குறைவு. முதல் வாரம் பாதிப் பரிசல்களை மட்டும் முறை வைத்து இறக்கி, வழக்கத்தைவிட ஒரு ஆள் குறைத்து ஏற்றி, தடம் பார்த்த வழியிலேயே போய்த் திரும்பட்டும். மீதிப் பாதிக்கு அந்த வாரம் பொதுப்பணத்திலிருந்து போக வேண்டும். இல்லாவிட்டால் மூன்றாம் நாளே எல்லாப் பரிசலும் துறையில் இறங்கி நிற்கும்.