பெட்டித் திறப்பு

2022 ஜனவரி 3

மகள் இன்றைக்கும் வீட்டு உறுதியைக் கேட்டாள். பெட்டித் திறப்பைக் காணவில்லை என்றேன்.

ஜனவரி 14

பொங்கல். கடை அரிசி. வேளாண்மை வெட்ட இன்னும் நாள் கிடக்கிறது. வெட்டினால் என்ன வரும் என்று யாரும் வாய் திறக்கவில்லை.

முற்றத்தில் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டினோம். காஸ் கிடைக்காமல் ஊரே முற்றத்தில்தான் சமைக்கிறது, அதனால் பொங்கல் என்று தனியாக ஒரு புதினம் தெரியவில்லை. மருமகன் பானைக்கு மூன்று முழம் தள்ளி நின்று பேரனிடம் சொன்னார்: "அம்மம்மாக்கிட்டச் சொல்லு மனே, பானை சரியிது எண்டு." நான் பேரனிடம் சொன்னேன்: "அப்பாக்கிட்டச் சொல்லு மனே, அம்மம்மாக்கும் கண் இருக்கு எண்டு." பேரன் இரண்டு பேரையும் பார்த்துவிட்டுக் கரும்பைக் கடித்தான்.

பதினாறு வருஷமாக இப்படித்தான். மாமியும் மருமகனும் முகம் பார்த்துக் கதைப்பதில்லை என்பது பழைய ஆட்களின் வழக்கம். இப்போது யார் பார்க்கிறார்கள்? பக்கத்து வளவில் மாமியும் மருமகனும் ஒன்றாக இருந்து சீரியல் பார்க்கிறார்கள். நாங்கள் எப்படியோ தொடங்கிவிட்டோம், பிறகு விடத் தெரியவில்லை.

பெப்ரவரி 23

31 மூடை. போன வருஷம் இதே மூன்று ஏக்கரில் 70.

யூரியா கண்ணில் காணாத வயலில் இவ்வளவு நின்றதே பெரிது என்று மருமகன் சொன்னாராம். கடன் கொடுத்தவர்கள் களத்திலேயே வந்து பங்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மண்டூரிலிருந்து வாவியைக் கடக்கிற மிதவைப் பாதையில் ஏற்றி வீட்டுக்கு வந்தது ஆறு மூடை. அதில் ஒன்றை என் அறைத் தாழ்வாரத்தில் இறக்கி வைத்திருக்கிறார். நான் கேட்கவில்லை.

மார்ச் 9

மகள் மூன்று நாளாகக் கதைக்கவில்லை. தேத்தண்ணீர் மட்டும் நேரத்துக்கு வருகிறது. சீனி குறைவு. விலையாலா, கோபத்தாலா தெரியவில்லை.

மார்ச் 31

13 மணித்தியாலம் கறண்ட் இல்லை. இருட்டின பிறகு வாசற்படியில் ஒரு வெளிச்சம் தெரிந்தது. ஜாம் போத்தல் மூடியில் ஓட்டை போட்டுத் திரி விட்ட விளக்கு. வைத்த ஆள் போய்விட்டார். மண்ணெண்ணெய் எங்கே எடுத்தாரோ.

ஏப்ரல் 14

மருத்துநீர் வைத்தோம். நான் கொடுத்த கைவிசேடம் பேத்தி கையால் மருமகனுக்குப் போனது. அவர் கொடுத்தது பேரன் கையால் எனக்கு வந்தது. இரண்டும் நூறு ரூபாய்த் தாள். மாற்றாமலே வைத்திருந்திருக்கலாம்.

ஏப்ரல் 26

இன்றைக்கு மகள் கத்திவிட்டாள். "என்ட பேருல இருக்கிற உறுதி. அதைத் தாறதுக்கு உங்களுக்கு என்ன?"

நியாயமான கேள்வி. வீடு அவளுடையதுதான். கல்யாணத்துக்கு முன்பே எழுதிக் கொடுத்துவிட்டேன். எனக்கு என் அம்மா தந்தது, நான் அவளுக்குத் தந்தேன், அவள் பேத்திக்குக் கொடுப்பாள். எங்கள் பக்கத்தில் வீடு பொம்பிளைப் பிள்ளையோடு போகும், ஆண் வந்து குடியிருப்பான். பெரிய வீட்டை விட்டுப் பின்னால் இந்த அறைக்கு வந்ததில் எனக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை. கடுதாசியை மட்டும் கொடுக்கவில்லை. என் பெட்டியில் கிடக்கட்டும் என்றேன், அவளும் சரி என்றாள்.

1990 ஜூனில் சண்டை மூண்டபோது அந்தக் கடுதாசியைப் பொலித்தீனில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு, ஆறு வயது மகளைத் தோளில் போட்டுக்கொண்டு, தோணியில் வாவியைக் கடந்து படுவான்கரைக்குப் போனேன். பெட்டியில் இருந்த நகை வீட்டோடு போயிற்று. கழுத்தில் கிடந்த கொடி மட்டும் மிஞ்சியது. திரும்பி வந்து பார்த்தால் கூரை இல்லை, கதவு இல்லை, நிலையைக்கூடப் பெயர்த்துக்கொண்டு போயிருந்தார்கள். கிணற்றுக் கட்டு நின்றது. கடுதாசியில் மட்டும் வீடு முழுசாக இருந்தது. அன்றைக்கு மகளின் அப்பா முற்றத்தில் குந்திக்கொண்டு அந்த உறுதியை வாங்கி முதலாம் பக்கத்திலிருந்து வாசித்தார். வடக்கே இன்னாரின் வளவு, கிழக்கே ஒழுங்கை என்று சத்தமாக. அந்தச் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. அதை எப்படி, மருமகனை வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஒரு ஏஜென்சிக்காரனின் நாலு லட்சத்துக்காக யாரோ வட்டிக்காரனின் அலுமாரியில் கொண்டுபோய் வைப்பது?

இன்னொன்றையும் எழுதித்தான் ஆக வேண்டும். அந்த இரண்டு மாதம் யார் வீட்டு மாலில் படுத்துக் கிடந்தோம்? மருமகனின் தகப்பன் வீட்டு மாலில். அவருக்கு அப்போது ஏழு வயது. செம்பில் தண்ணீர் கொண்டுவந்து எங்கள் பாய் ஓரத்தில் வைத்துவிட்டு ஓடிவிடுவார். அப்போதும் கதைக்க மாட்டார்.

திறப்பு மகளின் அப்பாவின் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் இருக்கிறது. பிள்ளையார் படத்துக்குப் பின்னால். மகள் நான் எழுதுகிற எதையும் படிப்பதில்லை, போனில் சமையல் வீடியோதான் பார்க்கிறாள், அதனால் எழுதலாம்.

மே 9

கொழும்பில் வீடுகள் எரிகிறதாம். பேரனுக்கு ஏழாம் வாய்ப்பாடு இன்னும் பிழைக்கிறது.

ஜூன் 10

அம்மன் கோயிலில் கண்ணகி வழக்குரை படிக்கிறார்கள். குளிர்த்திச் சடங்கு வருகிறது. சின்ன வயதிலிருந்து கேட்கிற பாட்டு. கோவலன் சிலம்பை எடுத்துக்கொண்டு மதுரைத் தெருவுக்குப் போகிற இடம் வந்ததும் எனக்கு இருக்க முடியவில்லை. எழும்பி வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றேன்.

நாங்கள் எல்லாரும் பாண்டியனைத் திட்டுகிறோம், தட்டானைத் திட்டுகிறோம். வீட்டில் ஒன்றும் இல்லாமல்தானே அவன் போனான். காலிலிருந்ததைக் கழற்றிக் கொடுத்தவள், போகாதே என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கொடுத்தாள்.

மகள் வந்து, "தலை சுத்துதா அம்மா?" என்று கேட்டாள். இல்லை என்றேன்.

ஜூன் 27

பெற்றோல் 470. கிடைத்தால்.

மூன்றாம் நாளாக மருமகன் ஓட்டோவைப் பெற்றோல் செட் வரிசையில் விட்டுவிட்டு அதற்குள்ளேயே படுக்கிறார். பேரனிடம் புட்டும் சுங்கான் கருவாட்டுக் குழம்பும் கட்டிக் கொடுத்துவிட்டேன். பாத்திரம் திரும்பி வந்தது, கழுவித் துடைத்து. வரிசையில் தண்ணீருக்கு எங்கே போனார்?

ஜூலை 2

பெட்டியைத் திறந்தேன். உறுதியைத் தொடவில்லை. கொடியை எடுத்தேன். எட்டுப் பவுன்.

மகளின் முதல் கேள்வி: "திறப்புக் கிடைச்சிட்டா?"

"ஓம்."

"எங்க கிடந்த?"

"அப்பாட கண்ணாடிக் கூட்டுக்குள்ள."

வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை பிள்ளையார் படத்தையும் அந்தக் கூட்டையும் எடுத்துத் துடைத்து வைக்கிறவள் அவள். கூட்டை அசைத்தால் உள்ளே கிலுங்கும். ஒன்றும் சொல்லவில்லை. கொடியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

ஜூலை 5

வங்கியில் ஈடு வைக்க வரிசை. தெரிந்த முகங்கள் எல்லாம் ஒன்றையொன்று தெரியாததுபோல நிற்கின்றன. என்னிடம் ஐந்தாம் வகுப்புப் படித்த பிள்ளை ஒருத்தி, "ரீச்சர்" என்று வாய் நிறையக் கூப்பிட்டாள். பிறகு கையிலிருந்த பையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். நானும் மறைத்தேன்.

ஜூலை 13

ஜனாதிபதி விடியச்சாமம் நாட்டை விட்டுப் போய்விட்டாராம். எங்கள் வீட்டில் போக வேண்டியவருக்கு இன்னும் பாஸ்போட் வரவில்லை.

ஜூலை 28

ஆடி அமாவாசை. மட்டக்களப்பு மாமாங்கக் கோயிலுக்குப் போக முடியாது, பஸ்ஸும் சீரில்லை, இந்த வருஷம் அப்பாவுக்கு வீட்டிலேயே விரதத்தை முடிப்போம் என்று ராத்திரிதான் மகளிடம் சொன்னேன். விடிய நாலு மணிக்கு ஓட்டோ வாசலில் நிற்கிறது. மண்ணெண்ணெய்க் கானில் பெற்றோலைச் சேர்த்து ஒளித்து வைத்திருந்திருக்கிறார். எத்தனை நாள் சேர்த்தாரோ. அங்கே முப்பது கிலோமீற்றர், இங்கே முப்பது. கல்லடிப் பாலத்தில் காற்று அடித்தபோது பின்பக்கத்துச் சீலையை இறக்கிவிட்டார். அவ்வளவுதான், போகவும் வரவும் ஒரு சொல் இல்லை.

தீர்த்தக்குளத்தில் சனம் குறைவில்லை. பெற்றோல் இல்லாத நாட்டில் இவ்வளவு பேரும் எப்படி வந்தார்கள்?

ஆகஸ்ட் 8

கிழமைக்கு 5 லீற்றர். போனில் ஒரு கட்டம் கட்டமான படம் காட்டினால் ஊற்றுகிறார்கள். இந்த 5 லீற்றரை வைத்து ஓட்டோ ஓடிக் குடும்பம் பார் என்றால், போகாமல் என்ன செய்வார்.

ஆகஸ்ட் 24

போய்விட்டார்.

பின்னேரம் என் அறை வாசலுக்கு வந்து நின்றார். நான் உள்ளே வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தேன். முருங்கை மரத்தைப் பார்த்து, "போயிற்று வாறன்" என்றார். நான் உரலைப் பார்த்து, "கவனமாப் போயிற்று வரட்டும்" என்றேன்.

மண்டூர் முருகனிடம் காசு முடிந்து வைத்துவிட்டு வந்தாராம். சூட்கேஸில் மகள் கருவாடு வைத்தாள், எடுத்தார், பிறகு வைத்தார். ராத்திரி பஸ். பேரன் அழவில்லை. வந்து என் பாயில் படுத்துக்கொண்டு, கட்டாருக்குப் பாதை போகுமா, விமானம்தான் போகுமா என்று கேட்டான்.

ஆகஸ்ட் 25

ஓட்டோ மாமரத்துக்குக் கீழே நிற்கிறது. அதில் கோழி ஏறிப் படுக்கிறது.

செப்டம்பர் 19

பேத்தி பெரியபிள்ளையானாள்.

மகள் போனில் சொன்னபோது அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. பிறகு, "செலவுக்கு யோசிக்க வேணாம்" என்றாராம். போய் ஒரு மாதம் ஆகவில்லை, முதல் சம்பளமே கையில் இல்லை, யோசிக்க வேண்டாமாம். நான் நல்லெண்ணெயும் முட்டையும் உளுந்தும் தேடி அலைகிறேன். முட்டை விலையைக் கேட்டால் கோழிக்கே மயக்கம் வரும்.

ராத்திரி மகள் என் பக்கத்தில் வந்து இருந்தாள். "இவளுக்கெண்டுதானே விடாமப் புடிச்சீங்க" என்றாள். எதை என்று சொல்லவில்லை. வெற்றிலையைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டாள். போடுகிற ஆள் இல்லை.

ஒக்டோபர் 11

மகள் ஓட்டோ ஓட்டுகிறாள்! இரண்டு கிழமையாக விடிய வேளை பள்ளிக்கூட மைதானத்தில் பழகியிருக்கிறாள், பேத்திக்கும் தெரியும், பேரனுக்கும் தெரியும், எனக்குத்தான் தெரியாது. ரியூசன் பிள்ளைகள் ஐந்து பேரை ஏற்றி இறக்குகிறாள். ஒழுங்கை முடக்கில் திருப்புகிறபோது என் வயிறு கலங்குகிறது. ஊர் என்ன சொல்லும் என்று தொடங்கினேன், "ஊர் பெற்றோல் அடிச்சுத் தருமா?" என்று கேட்டாள். என் மகள்தான்.

அவருக்கு இன்னும் சொல்லவில்லையாம். நான் சொல்லப்போவதில்லை, எப்படிச் சொல்வது?

நவம்பர் 20

உலகக் கிண்ணம். அவருக்கு ஒரு ஸ்டேடியத்தின் வாகனத் தரிப்பிடத்தில் காவல் வேலை. பேரன் டிவிக்கு ஒரு சாண் தள்ளி இருந்து சனக்கூட்டத்துக்குள் அப்பாவைத் தேடினான். பந்தைப் பார்க்கவே இல்லை. எக்குவடோர் இரண்டு அடித்துக் கட்டார் தோற்றதும் அழுதான். போன அன்றைக்கு அழாதவன்.

நவம்பர் 23

44 வருஷம். காற்று வந்தால் கூரை ஓடுகளை எண்ணிப் பார்க்கிற பழக்கம் எனக்கு அன்றைக்கு வந்ததுதான். 1978இல் அம்மா வீட்டுக் கிடுகு முழுவதும் பறந்து, தென்னைகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்தன. வாரிப் போட்டதுபோல. எங்களுக்குச் சூறாவளிக்கு முன், சூறாவளிக்குப் பின் என்றுதான் வயதுக் கணக்கு.

இன்றைக்கு மழை மட்டும்தான்.

டிசம்பர் 6

கட்டாரில் குளிராம். நம்புகிற மாதிரி இல்லை.

டிசம்பர் 18

பேரனுக்குப் புலமைப்பரிசில் பரீட்சை. ஓட்டோவில் மூன்று பேரும் போய்விட்டார்கள். மகள் போனை மேசையில் விட்டுவிட்டுப் போயிருக்கிறாள்.

ஒன்பது மணிக்கு அடித்தது. அவரின் படம். அடித்து ஓய்ந்தது. மறுகா அடித்தது. மூன்றாம் தரம் எடுத்துக் காதில் வைத்தேன், வாய் வரவில்லை. அங்கேயும் மூச்சுச் சத்தம் மட்டும். "ஹலோ, ஹலோ" என்றார். பிறகு விளங்கிவிட்டது போல.

"பூனைக்குட்டி," என்றார். "தம்பி சோதினைக்குப் போயிட்டானாமா?"

நான் மேசையைப் பார்த்து, "போயிட்டான் எண்டு சொல்லு பூனை. இடியப்பம் திண்டவன். திருநூறு பூசினவன்" என்றேன்.

"பயந்தவனாமா?"

"பயப்படல்ல. ரெண்டு பென்சில் சீவிக் கொண்டுபோனவன்."

"இண்டைக்கு ராவைக்கு இஞ்ச கடைசி மெச். டியூட்டி விடியுமட்டும் எண்டு அவளுக்குச் சொல்லு."

"சாப்பிட்டிட்டுப் போகச் சொல்லு பூனை."

"சரி எண்டு சொல்லு."

காசு முடியும்வரை இரண்டு பேரும் வைக்கவில்லை. கதைக்கவும் இல்லை.

எங்கள் வீட்டில் பூனை கிடையாது.

டிசம்பர் 19

ஆர்ஜென்டினாவாம். பேரனுக்கு இரண்டாம் வினாத்தாள் கஷ்டமாம்.

டிசம்பர் 26

காலை 9.25க்கு எழும்பி நின்றோம். சுனாமி வந்து 18 வருஷம்.

டிசம்பர் 30

பேரனின் ரியூசன் காசைக் கொடுங்கள், கொடி கிடக்கட்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். கேட்கவில்லை. இரண்டு மாதச் சம்பளத்தோடு கடனும் கொஞ்சம் பட்டு அனுப்பியிருக்கிறார். மகள் வங்கிக்குப் போய் மீட்டுக்கொண்டு வந்துவிட்டாள். வாசலில் நிற்கிறாள். பெட்டியில் வைக்க வேண்டும்.

கண்ணாடிக் கூட்டைத் திறந்தேன். மூக்குக்கண்ணாடி இருக்கிறது. பிள்ளையாருக்குப் பின்னால் பார்த்தேன், அரிசிப் பானைக்குள் கையை விட்டுப் பார்த்தேன், தலையணை உறையை உதறினேன்.

"திறப்பைக் காணல்ல, புள்ள."

சிரிக்கிறாள்.