அளவு ஜாக்கெட்

தங்கை கல்யாணத்துக்கான பட்டுப்புடவை பெட்டியில் இருக்கிறது, ஜாக்கெட் தைக்க மட்டும் ஆள் இல்லை என்று நான்கு மாதம் புலம்பிய பிறகு, சியரா லியோனின் தலைநகர் ஃப்ரீடவுனில் எங்கள் தெரு முனையிலேயே ஒரு தையல்காரரைக் கண்டுபிடித்தேன். ஐம்பது வயதிருக்கும். அளவு ஜாக்கெட்டைக் கொடுத்ததும் உள்ளும் புறமுமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கொக்கிகளை எண்ணிவிட்டு, இதைப் போட்டுக்கொண்டு எப்படி அம்மா மூச்சு விடுகிறீர்கள் என்று கேட்டார். நானும் சிரித்தேன். அப்புறம் நோட்டை எடுத்து, கை எப்படி என்றார். இங்கே எல்லாரும் பேசுகிற கிரியோ மொழியில், எனக்குத் தெரிந்த அரைகுறையில், பந்தாவாக, "ஷார்ட் ஸ்லீவ்" என்றேன்.

பென்சில் நின்றுவிட்டது. பக்கத்து மெஷினில் காஜா எடுத்துக்கொண்டிருந்த பெண்ணும் தலையைத் தூக்கிப் பார்த்தாள். அவர் கோபப்படவில்லை. "அந்தப் பேச்சு வேண்டாம் அம்மா, எதுவரை என்று விரலால் காட்டுங்கள், போதும்" என்றார். காட்டினேன். டேப்பை வைத்து அளந்துகொண்டார். பேச்சு அவ்வளவுதான்.

சாயங்காலம் வீட்டுக்கார ஆன்ட்டியிடம் சொன்னேன். (இங்கேயும் பெரியவர்களை ஆன்ட்டி என்றுதான் கூப்பிடுவார்கள், அந்த ஒரு விஷயத்தில் எனக்கு எந்தக் கஷ்டமும் இருக்கவில்லை.) மரவள்ளி இலையை உரலில் இடித்துக்கொண்டிருந்தவர், உலக்கையை நிறுத்தாமலேயே பதில் சொன்னார். உள்நாட்டுச் சண்டைக் காலத்தில் கலகக்காரர்கள் பிடித்தவர்களிடம் கேட்ட கேள்வி அது. அரைக்கையா, முழுக்கையா? அரைக்கை என்றால் முழங்கைக்கு மேலே வெட்டுவார்கள். முழுக்கை என்றால் மணிக்கட்டு. 1996 தேர்தல் சமயத்தில் ஓட்டுப் போடக்கூடாது என்று வெட்டினார்கள், 1999 ஜனவரி 6 அன்று ஃப்ரீடவுனுக்குள்ளேயே நுழைந்து வெட்டினார்கள். மற்ற தையல் கடைகளில் எல்லாரும் ஷார்ட் ஸ்லீவ் என்று சாதாரணமாகத்தான் சொல்கிறார்கள், அந்த மனிதர் மட்டும் அந்தச் சொல்லைக் கடைக்குள் விடுவதில்லை என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இலையை வழித்துப் பாத்திரத்தில் போட்டுவிட்டு, இன்றைக்கு எங்கள் வீட்டில் சாப்பிடு என்றார்.

எந்த ஜாக்கெட்டாக இருந்தாலும் ஊரில் நாம் முதலில் பேசுவது கையைப் பற்றித்தானே? முழங்கை வரையா, அதற்கு மேலேயா, பஃப் வைக்கலாமா, பார்டரைக் கையில் கொண்டுவரலாமா என்று அரை மணி நேரம் போகும். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அந்த ராத்திரியில் அம்மா ஃபோன். விஷயம் புதிதல்ல, ஒரு வருஷமாக ஓடுகிற அதே தொடர்தான். தங்கைக்கு ஏழு கல் தோடு. "வைரம் விளையற ஊர்ல உக்காந்துகிட்டு, நான் இங்க கடைக்காரன்கிட்ட பேரம் பேசணுமாடி?"

வைரம் என்ன கத்தரிக்காயா, கொல்லையில் பறித்துக்கொண்டு வர? என் வீட்டுக்காரர் இங்கே ஒரு மளிகை இறக்குமதிக் கம்பெனியில் கணக்கு எழுதுகிறார். நாங்கள் கண்ணால் பார்க்கிற கல், அரிசியில் வருகிற கல்தான். ஆனால் யார் நம்புகிறார்கள்? அத்தைக்கு மூக்குத்திக் கல், சித்திக்கு எட்டுக்கல் பேசரி, காலேஜ் தோழிக்குச் "சின்னதா ஒண்ணு". 2017இல் கோனோ மாவட்டத்தில் ஒரு பாதிரியாரின் ஆட்கள் 709 காரட் கல் ஒன்றைத் தோண்டி எடுத்தார்கள், அவர் அதை அரசாங்கத்திடம் ஒப்படைத்தார், நியூயார்க்கில் 65 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அந்தச் செய்தி இத்தனை வருஷம் கழித்து எப்படியோ அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் வந்து, அங்கிருந்து எனக்கு வந்தது. கீழே ஒரு வரி: "உன் வீட்டுக்குப் பக்கமா?"

பக்கமில்லை. ஆனால் ஒருமுறை போனேன். கிளைக் கடையின் சரக்கு எண்ணிக்கைக்காக இவர் அதே கோனோவில் இருக்கிற கொய்டு டவுனுக்குப் போனபோது நானும் தொற்றிக்கொண்டேன். மகேனி வழியாக நாள் முழுக்கப் பயணம். ஊரைச் சுற்றிலும் குழிகள், மழைத்தண்ணீர் நின்று செம்மண் நிறத்தில் குட்டை குட்டையாக. இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு பையன்கள் பெரிய வட்டச் சல்லடையைச் சுழற்றுகிறார்கள். சரளை நடுவில் சேர்ந்ததும் சட்டென்று கவிழ்த்து விரலால் கிளறுகிறார்கள். ஒன்றுமில்லை. மறுபடியும் அள்ளுகிறார்கள். எனக்கு எங்கள் பாட்டி முறத்தில் அரிசி புடைத்துக் கல் பொறுக்குவதுதான் ஞாபகம் வந்தது. பாட்டி கல்லை எறிந்துவிட்டு அரிசியை வைத்துக்கொள்வாள். இந்தப் பையன்களில் பலருக்கு நாள் கூலியே சாப்பாட்டுக்கான அரிசியும் கொஞ்சம் சில்லறையும்தான். கல் கிடைத்தால் முதல் போட்ட ஆளுக்குக் கொடுத்துவிட்டு ஒரு பங்கு வாங்கிக்கொள்ள வேண்டும்.

இந்தக் குழிகளுக்காகத்தான் பதினோரு வருஷம் அடித்துக்கொண்டார்கள் என்று ஒரே வரியில் சொல்லிவிட முடியாது. ஃப்ரீடவுனில் உட்கார்ந்து தின்று தீர்த்த அரசுகள் மேல் கிராமத்துப் பையன்களுக்கு இருந்த வெறுப்பும் அதில் உண்டு. ஆனால் 1991 மார்ச்சில் லைபீரியா எல்லையைத் தாண்டி வந்த கலகத் தலைவர் ஃபோடே சன்கோவின் ஆட்கள் அத்தனை வருஷம் தாக்குப்பிடித்தது இந்தக் கல்லால்தான். கல் லைபீரியா வழியாக வெளியே போகும், துப்பாக்கி உள்ளே வரும், லைபீரியாவின் கலகத் தலைவராக இருந்து பிறகு ஜனாதிபதியான சார்லஸ் டெய்லர் நடுவில் இருப்பார். கடைசியில் 1999 ஜூலையில் டோகோ நாட்டின் லோமேயில் சமாதானம் என்று கையெழுத்துப் போட்டு, அதே சன்கோவுக்குத் துணை ஜனாதிபதி அந்தஸ்து கொடுத்து, கனிம வள ஆணையத்துக்குத் தலைவராகவும் உட்கார வைத்தார்கள். பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த கதை கேட்டிருக்கிறேன், பூனைக்கு மந்திரி சம்பளம் கொடுத்த கதையை இங்கேதான் கேட்டேன். அது ஒரு வருஷம்கூடத் தாங்கவில்லை. 2002 ஜனவரியில்தான் சண்டை முடிந்தது என்று அறிவித்தார்கள். அதற்குள் ஐம்பதாயிரம் பேருக்கு மேல் போய்விட்டார்கள். டெய்லருக்கு 2012இல் ஐம்பது வருஷ ஜெயில்.

சரி, இதையெல்லாம் அம்மாவிடம் ஃபோனில் சொன்னேன். முழுசாகக் கேட்டாள். பாவம்டி என்றாள். ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. அப்புறம், "அப்ப இப்ப வர்ற கல்லெல்லாம் சுத்தமானதுதானே?" என்றாள்.

அம்மாவைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. நம் வீடுகளில் வைரத்தைச் சந்தேகப்படாமல் யார் வாங்கியிருக்கிறார்கள்? பாட்டிக்குக் காகபாதம், கரும்புள்ளி என்று வைரத்தின் குற்றங்கள் எல்லாம் அத்துப்படி. வாங்குவதற்கு முன்னால் தோட்டைக் கொண்டுவந்து மூன்று நாள் வீட்டில் வைத்துப் பார்ப்பாள். அந்த மூன்று நாளில் பால் திரிந்தாலும் போச்சு, தாத்தாவுக்குத் தும்மல் வந்தாலும் போச்சு, கல் கடைக்கே திரும்பிவிடும். வைரம் எல்லாருக்கும் ஒத்துக்காது என்பாள். அதே பாட்டி தன் தோட்டு வைரத்தைப் பெருமையாகச் சொல்கிற "ப்ளூ ஜாகர்", தென்னாப்பிரிக்காவில் ஜாகர்ஸ்ஃபான்டைன் என்கிற சுரங்கத்தின் பெயரிலிருந்து வந்தது என்று எனக்கு இங்கே வந்த பிறகுதான் தெரியும். ஆப்பிரிக்கா உறையூரில் எங்கள் பாட்டி காதில் ஐம்பது வருஷம் தொங்கியிருக்கிறது.

எனக்கு ஊர் பழகிவிட்டது. உண்மையாகவே. செம்பனை எண்ணெய் வாசனை பிடித்துவிட்டது, பஜாஜ் ஆட்டோவைக் கேக்கே என்று கூப்பிட வருகிறது, எத்தனை தின்றாலும் சோறு தின்னாவிட்டால் சாப்பிட்டதாகவே இவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளாதது என் மாமனாரை நினைவுபடுத்துகிறது. ஜூலை மழையில் துணி காயவில்லை என்று அழுவதைக்கூட விட்டுவிட்டேன். ஆனால் கரண்ட் போய் ஜெனரேட்டர்களும் ஓய்ந்த நேரத்தில், சின்ன வயதில் உறையூரில் எங்கள் சந்தில் கேட்ட, செயற்கைக் கல் பட்டை தீட்டுகிற சக்கரத்தின் கீச்சுச் சத்தம் காதில் வரும். எதிர் வீட்டு அக்கா காலையிலிருந்து குனிந்தே இருப்பாள், விரல் நுனியெல்லாம் தேய்ந்து வழவழவென்றிருக்கும். கீழே சிந்திய கல்லைப் பொறுக்கித் தீப்பெட்டியில் சேர்த்து வைத்திருந்தேன். வெயிலில் காட்டினால் சுவரெல்லாம் புள்ளி புள்ளியாக ஒளி. யாரும் அதற்காகச் சண்டை போட்டதில்லை, என் தம்பியைத் தவிர.

தங்கையே ஒருநாள் கூப்பிட்டு, அக்கா எனக்கு ஏழு கல் தோடெல்லாம் வேண்டாம், நம்ம ஊர்க் கல்லே போதும், யாருக்குத் தெரியப்போகுது என்றாள். அம்மா இன்னும் அவளோடு பேசவில்லை.

ஜாக்கெட் சனிக்கிழமை வந்தது. கொக்கி அத்தனையும் சரியாக இருந்தது, கழுத்து அச்சு அசல். போட்டுப் பார்த்தால் கை அரை இஞ்ச் நீளம். கையில் பிடித்துக்கொண்டு கடை வரை நடந்தேன். அவர் நிமிர்ந்து பார்த்து, எல்லாம் சரிதானே அம்மா என்றார். சரி என்றேன். இன்னொரு புடவைக்கும் துணி கொடுத்துவிட்டு வந்து, அந்த அரை இஞ்சை நானே உள்பக்கமாக மடித்து எம்மிங் போட்டுக்கொண்டேன்.