வாயில் கொளுவினால்தான் மீன்

மட்டக்குளியில் எங்கள் ஒழுங்கைக் கடையில் போய் "ஒரு சமன் டின் தாங்கோ" என்று கேட்டால், கடைக்காரர் யோசிக்காமல் எடுத்து வைப்பது மெக்கரல். 425 கிராம் டின். பேப்பரில் மெக்கரல் என்றே அச்சடித்திருக்கும், அதை யார் படிக்கிறார்கள்? சல்மன் என்ற வேறு மீனின் பெயர்தான் எங்கள் வாயில் சமனாகி, இந்த டின்னுக்கு ஒட்டிக்கொண்டது. சிங்களத்திலும் அதைச் சமன் என்றுதான் சொல்கிறார்கள். இந்த ஊரில் இரண்டு மொழிக்காரரும் சண்டையில்லாமல் ஒத்துக்கொண்ட பிழை அது. நாற்பத்து நான்கு வயது வரைக்கும் நானும் அந்தச் சமனைத்தான் பாணோடு சாப்பிட்டு வந்தேன். உண்மையான சல்மனைக் கண்ணால் கண்டது 2023 செப்டெம்பரில், ரொறன்ரோவில்.

தூண்டில் எனக்குப் புதிதல்ல. துறைமுகத்தில் வேலை செய்த அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் காக்கைத்தீவுப் பக்கம், களனி ஆறு கடலோடு கலக்கிற இடத்துக்கு என்னைக் கூட்டிப்போவார். சோடாப் போத்தலில் சுற்றிய தங்கூசி, நுனியில் ஒரு ஈயக்குண்டு, இரைக்கு இறால். அவ்வளவுதான். பெரும்பாலும் கெளுத்தி. அதிர்ஷ்டம் இருந்தால் பாரைக்குஞ்சு. கொடுவா வந்த நாளை விரல் விட்டு எண்ணலாம். அப்பா போன பிறகும் நான் அந்தப் பழக்கத்தை விடவில்லை. ஆகவே அக்காவின் மகளின் கலியாணத்துக்கு ஸ்காபரோ போனபோது அத்தான், "முடிஞ்சு அடுத்த கிழமை உன்னைச் சல்மன் பிடிக்கக் கூட்டிக்கொண்டு போறன்" என்று சொன்னதும் எனக்கு மாப்பிள்ளையின் முகம்கூட மறந்துவிட்டது.

அத்தான் யாழ்ப்பாணத்துப் பாசையூர்க்காரர். தகப்பன் கடல் தொழில். இவர் கனடா போனது 1990களில். பகலில் களஞ்சியத்தில் வேலை, செப்டெம்பர் பிறந்தால் இரவில் வானிலை பார்ப்பது. மழை எப்போது என்றே பார்த்துக்கொண்டிருப்பார். மழை பெய்து ஆறு கொஞ்சம் உயர்ந்து, தண்ணீர் தேநீர் நிறத்துக்கு வந்தால், ஒன்ராறியோ ஏரியில் ஆற்று முகப்பில் காத்திருக்கிற மீன்கள் ஏறத் தொடங்குமாம். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தால் பகலில் அவை அசையாது.

பிடிப்பதற்கு முதல் பார்க்கவேண்டும் என்று அக்கா சொன்னார். சப்வேயில் ஓல்ட் மில் நிலையத்தில் இறங்கி ஹம்பர் ஆற்றங்கரையோடு சிறிது தூரம் நடந்தோம். குறுக்கே ஒரு தாழ்வான அணை. கரை முழுக்கச் சனம். ஒவ்வொரு மீன் பாயும்போதும் குழந்தைகள் கத்துகிறார்கள். என் கை நீளத்துக்கு வரும் மீன், தண்ணீரிலிருந்து எழுந்து, கொங்கிறீட்டில் நெஞ்சு மோதித் திரும்ப விழுகிறது. ஒன்றை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன். ஏழு தரம் பாய்ந்தது, ஏழு தரமும் விழுந்தது. பிறகு ஓரமாகப் போய் நின்றுகொண்டது. அக்கா, "பாவம், காணும் வா" என்றார். எனக்கு இன்னும் ஒரு தரம் பார்க்கவேண்டும் போல இருந்தது.

மூன்றாம் நாள் இரவு மழை. விடிய நாலு மணிக்கு அத்தான் என்னைத் தட்டி எழுப்பினார். வெளிநாட்டுக்காரனுக்கு ஒரு நாள் அனுமதி எடுக்கலாம், அதை முதல் நாளே கணினியில் எடுத்து அச்சடித்து வைத்திருந்தார். எந்தப் பகுதி திறந்திருக்கும், எது மூடியிருக்கும், எந்தத் திகதி வரைக்கும் என்பது அங்கே ஆற்றுக்கு ஆறு வேறு. அத்தான் அதை வேதம் மாதிரிப் பாடமாக்கி வைத்திருக்கிறார். நாங்கள் போனது மிசிசாகாப் பக்கம், கிரெடிட் ஆற்றின் கீழ்ப்பகுதிக்கு.

வழியில் காரில் கதை. நாங்கள் பிடிக்கப்போவது சினூக் என்ற சல்மன். அது இந்த ஏரிக்கு உரிய மீனே இல்லையாம், பசிபிக் கரையின் மீன். ஒன்ராறியோ ஏரியில் முதலில் இருந்தது அத்திலாந்திக் சல்மன். ஆலை அணைகள், காடு வெட்டு, அளவில்லாத பிடிப்பு எல்லாம் சேர்ந்து 1898ஓடு அது இல்லாமல் போனது. பிறகு எல்வைஃப் என்ற சின்ன மீன் பெரிய ஏரிகளில் பெருகி, செத்துக் கரையெல்லாம் நாறத் தொடங்கியது. அதைத் தின்ன ஆள் வேண்டும் என்று 1960களின் கடைசியில் மிச்சிகன் பக்கத்தில் கோஹோ என்ற இன்னொரு பசிபிக் சல்மனையும் சினூக்கையும் கொண்டுவந்து விட்டார்கள். ஒன்ராறியோ ஏரியிலும் விட்டார்கள். இன்றைக்கும் பொரிப்பகங்களில் குஞ்சு வளர்த்து விடுகிறார்கள். "வேலை விசாவிலை வந்த மீன்" என்றார் அத்தான். இந்தப் பகிடியை அவர் வருகிற எல்லாரிடமும் சொல்வார் என்று பின்சீற்றில் இருந்த மருமகன் முணுமுணுத்தான்.

இருட்டோடு கரைக்குப் போனால் எங்களுக்கு முதலே பத்துப் பேர். அத்தானிடம் இருந்தது சென்டர்பின் என்ற உருளை. பட்டம் விடுகிற உருளை மாதிரித்தான், பிறேக் கிடையாது. ஆற்றின் வேகத்துக்கு மிதப்பு தானாகப் போக, உருளை தானாகச் சுற்றும். மீன் ஓடினால் உள்ளங்கையை விளிம்பில் வைத்து அடக்கவேண்டும். "நீ இதைத் தொடாதை" என்று எனக்குச் சாதாரணத் தடி ஒன்றைத் தந்தார். இரை? சல்மன் முட்டைதான். கடலை அளவு முட்டைகள் நாலைந்தை மெல்லிய வலைத்துணியில் முடிந்து, கொளுக்கியில் குத்துவது. தன் சாதி முட்டையைத் தானே தின்னுமா என்று கேட்டேன். தின்னாது என்றார். ஆற்றுக்குள் வந்த சினூக் ஒன்றுமே தின்னாது. ஏரியில் சேர்த்த கொழுப்பில்தான் ஏறி, முட்டையிட்டு, செத்துப்போகும். அப்படியானால் ஏன் கொத்துகிறது? அதற்கு ஆற்றங்கரையில் ஆளுக்கொரு விளக்கம். கோபம் என்கிறார் ஒருவர், பழைய பழக்கம் என்கிறார் மற்றவர்.

எனக்கு இது பெரிய குழப்பம். நான் பழகியது முழுக்கப் பசியை வைத்துத்தான். இறாலைப் போடு, பசித்தவன் வருவான். பசியே இல்லாத மீனுக்கு என்னத்தைப் போடுவது?

ஏழு மணி ஆகுமுன் மிதப்பு ஒரு தரம் தாழ்ந்தது. வெட்டி இழுத்தேன். அதற்குப் பிறகு நடந்தது மீன்பிடி இல்லை, ஓடுகிற பஸ்ஸில் தொங்குவது. மீன் கொளுவினால் உரக்கக் கத்தவேண்டும், பக்கத்தில் நிற்பவர்கள் தங்கள் தூண்டிலை இழுத்து வழி விடுவார்கள், அதுதான் அங்கத்தைய மரியாதை. எனக்குக் கத்த வாய் வரவில்லை. அத்தான்தான் எனக்காக "ஃபிஷ் ஆன்!" என்று கத்தினார். "இழுக்காதை, ஓட விடு! தடியை நிமித்து! ஓட விடடா!" கால் மணித்தியாலம் இருக்கும். பெருவிரல் தோல் உரிந்துவிட்டது. கடைசியில் மருமகன் வலையை நீட்ட, வெண்கல நிறத்தில் ஒரு முதுகு மேலே வந்தது.

அத்தான் குனிந்து பார்த்தார். "செட்டையிலை கொளுவியிருக்கு. விடவேணும்."

வாயில் இல்லாமல் வேறு எங்கே கொளுவினாலும் உடனே விட்டுவிடவேண்டும், சட்டம். படம் எடுக்கிறேன் என்றேன். உடனே என்றால் உடனே. கொளுக்கியைக் கழற்றி, தலையை நீரோட்டத்துக்கு எதிராகத் திருப்பி, வாலை மெல்லப் பிடித்துக்கொண்டு நின்றார். அது ஒரு உதறு உதறிப் போய்விட்டது. எனக்கு உண்மையிலேயே கோபம். மட்டக்குளியில் இப்படி ஒன்றை விட்டிருந்தால் ஒழுங்கையே சிரித்திருக்கும். எங்கே கொளுவினால் என்ன, பிடித்தது நான்தானே என்றேன்.

"அது கொத்தேல்லை. உன்ரை கொளுக்கிதான் அதைக் கொத்தினது."

பாசையூரில் மீன் குடும்பத்தில் பிறந்த மனுசன் இதைச் சொல்கிறார். எதிர்க்கரையில் ஒருத்தன் கனத்த மூன்று முனைக் கொளுக்கியை எறிந்து வெடுக் வெடுக்கென்று இழுத்துக்கொண்டிருந்தான். மீன் கூட்டமாக நிற்கிற இடத்தில் அப்படி இழுத்தால் எதிலாவது மாட்டும். அத்தான் அவனைப் பார்த்த பார்வையில்தான் அந்தச் சட்டம் எனக்கு விளங்கியது.

ஒன்பது மணிக்குப் பிறகு இன்னொன்று. இந்தத் தரம் நானே கத்தினேன், தமிழில். வாயின் ஓரத்தில் நன்றாகக் கொளுவியிருந்தது. ஆண் மீன், கீழ்த்தாடை கொக்கி மாதிரி வளைந்திருந்தது. ஈறு கறுப்பு. சினூக்கையும் கோஹோவையும் பிரித்தறிய அதைத்தான் பார்ப்பார்களாம், கோஹோவுக்கு ஈறு வெள்ளை. ஏழு கிலோவுக்கு மேல் இருக்கும். "இது நிறம் மாறினது, ருசி இராது" என்று அத்தான் சொல்லச் சொல்ல, நான் கொண்டுபோக வேண்டும் என்று நின்றேன்.

திரும்பும் வழியில் கரையோரம் செத்த மீன்கள் கிடந்தன. கடற்காகங்கள் கண்ணைக் கொத்திக்கொண்டிருந்தன. நம் களனியில் விலாங்கு இதற்கு நேர்மாறு. ஆற்றில் வளர்ந்து, முட்டையிடக் கடலுக்குப் போய்விடும். அதை அத்தானிடம் சொன்னேன். "அதுதான் நாங்கள் விலாங்கு சாகிறதைக் காணேல்லை" என்றார்.

வீட்டில் வெட்டும்போது வயிற்றைத் திறந்து காட்டினார். உள்ளே ஒன்றுமில்லை. குடல் சுருங்கிக் கயிறு மாதிரி. இறைச்சி வெளிறியிருந்தது. கடையில் விற்கிற அந்தச் செம்மஞ்சள் நிறம் இல்லவே இல்லை. ஆற்றுக்கு வரும்போது அந்தச் சாயம் தோலுக்கும் முட்டைக்கும் போய்விடுகிறதாம். போதாததற்கு, இந்த ஏரி மீனை எந்த அளவுக்கு மேல் சாப்பிடக்கூடாது என்று மாகாண அரசே ஒரு வழிகாட்டி போட்டிருக்கிறது. பெரிய மீனில் இரசாயனம் கூட.

அக்கா பழப்புளியும் தூளும் தாராளமாகப் போட்டுச் சமைத்தார். என் மனம் நோகக்கூடாது என்று எல்லாரும் இரண்டு துண்டு சாப்பிட்டார்கள். நனைந்த பஞ்சு மாதிரி இருந்தது, குழம்பு மட்டும் நல்லது. மருமகன் எழும்பிப்போய் பீட்சாவுக்குச் சொன்னான். அடுத்த நாள் இரவு அக்கா தமிழ்க் கடையில் வாங்கிய டின் ஒன்றை உடைத்து, வெங்காயம் பச்சைமிளகாய் போட்டுப் பிரட்டி, பாணோடு வைத்தார். மெக்கரல்தான். ஒருவரும் மிச்சம் வைக்கவில்லை.

வெளிக்கிடும்போது அத்தான் ஒரு கரண்டித் தூண்டில் தந்தார். வெள்ளி நிறம், சின்ன விரல் நீளம். சல்மனைக் கோபப்படுத்துவதற்காகச் செய்தது. போன ஞாயிறு காக்கைத்தீவில் அதைத் தங்கூசியில் கட்டி எறிந்தேன். பக்கத்தில் நின்ற பையன்கள் இரை எங்கே என்று கேட்டுச் சிரித்தார்கள். மூன்றாவது எறிவில் உள்ளங்கை அகலப் பாரை ஒன்று வந்தது. வாய்க்குள்தான் கொளுவியிருந்தது, பார்த்துவிட்டுத்தான் பையில் போட்டேன். வீட்டில் வெட்டினபோது வயிறு நிறைய நெத்தலி.