ஒரே ஒரு வரி

பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில ராத்திரி பதினொண்ணு. கணவாய்க் காத்து ஜன்னலைப் போட்டு அடிக்குது. பக்கத்து வீட்டுச் சேட்டனோட பழைய கம்ப்யூட்டருக்காக நான் செஞ்ச லினக்ஸ் லைவ் பென்டிரைவ் (இன்ஸ்டால் பண்ணாமலே அதுலருந்து லினக்ஸ் ஓடும்) பாதியில நிக்குது. கறுப்புத் திரை, 'இனிட்ராம்எஃப்எஸ்'னு ஒரு வார்த்தை, பக்கத்துல மினுக்குற கர்சர். பென்டிரைவை ரெண்டு தடவை மாத்தினதெல்லாம் வெட்டி வேலை.

பூட் ஆகுற ஆரம்பத்துல முழு லினக்ஸ் கிடையாதுங்க, இனிட்ராம்எஃப்எஸ்ங்கிற ஒரு தற்காலிகக் குட்டி சிஸ்டம்தான். அதுல பிஸிபாக்ஸ்னு ஒரு குட்டி புரோகிராம்தான் முக்கால்வாசி கமாண்டுக்கும் வேஷம் கட்டும். லேபிளை, அதாவது டிரைவுக்கு வெச்ச பேரை வெச்சு அதைத் தேட, பூட் ஸ்கிரிப்டுல 'பிளாக்ஐடி'ங்கிற கமாண்டுக்கு 'மைனஸ் எல்'னு ஒரு ஆப்ஷன் குடுத்திருந்தேன். என் லேப்டாப்புல ஜம்முனு ஓடுச்சு. பிஸிபாக்ஸ் பிளாக்ஐடிக்கு அந்த ஆப்ஷனே தெரியாது. அந்த ஒரு வரியை மட்டும் 'ஃபைண்ட்எஃப்எஸ்'ங்கிற கமாண்டா மாத்தினேன். அது முழு லினக்ஸ், பிஸிபாக்ஸ் ரெண்டு பக்கமும் லேபிளை வெச்சு டிரைவைத் தேடிக் குடுக்கும்.

"இன்னுமாடா தூங்கல?"ன்னு அம்மா எட்டிப் பாத்தப்ப, டெஸ்க்டாப் வந்துட்டிருந்துச்சு.