ஜேசிபிக்கு ஊற்றிய டீசல்

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. நான் அப்போது ஒரு தனியார் செல்போன் நிறுவனத்துக்காக டவர் பராமரிக்கும் வேலையில் இருந்தேன். விடிந்து பார்த்தால் கண்காணிப்புத் திரையில் டெல்டா முழுக்கச் சிவப்பு. கரண்ட் போனால் பேட்டரி சில மணி நேரம் தாங்கும், அப்புறம் ஜெனரேட்டர்தான். அதற்கு டீசல் வேண்டும். கரண்ட் இல்லாத ஊரில் பங்க்கும் ஓடாது.

திருச்சியிலிருந்து கேன்களில் டீசலை ஏற்றிக்கொண்டு மூன்று பேர் கிளம்பினோம். திருத்துறைப்பூண்டி தாண்டியதும் வண்டி நகரவில்லை. ரோட்டுக்குக் குறுக்கே புளியமரம், அதன்மேல் மின்கம்பம், இரண்டையும் சுற்றிக் கம்பி. (அந்தப் புயலில் ஒரு லட்சத்துக்கும் மேல் கம்பங்கள் சாய்ந்தன.) ஓரமாக ஒரு ஜேசிபி சும்மா நின்றது. "டீசல் தீர்ந்துபோச்சு சார்" என்றார் பக்கத்தில் நின்ற வருவாய் ஆய்வாளர் (ஆர்.ஐ.). அவர் எங்கள் கேன்களைப் பார்த்தார், நான் ஜேசிபியைப் பார்த்தேன். 40 லிட்டர் ஊற்றினோம். ஒரு மணி நேரத்தில் வழி கிடைத்தது.

அன்று இரவு தாலுகா அலுவலகத்தில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் உட்கார்ந்தபோதுதான் உண்மையான சிக்கல் தெரிந்தது. எங்கள் பட்டியலில் டவர்களுக்கு ஊர்ப் பெயரே கிடையாது, வெறும் எண்கள். அவர்கள் பட்டியலில் வருவாய்க் கிராமங்களும் முகாம்களும். இரண்டையும் யாரும் அதுவரை பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை. ஒரு வி.ஏ.ஓ. பென்சிலோடு உட்கார்ந்தார். "ஐஸ் கம்பெனிக்குப் பின்னாடி நிக்கிற டவரா? அது இந்தக் கிராமம்" என்று ஒவ்வொன்றாகக் குறித்தார். புயலுக்கு முன்பு நடந்த எத்தனையோ ஆய்வுக் கூட்டங்களில் கிடைக்காதது அந்த ஒரு காகிதத்தில் இருந்தது.

சண்டையும் வந்தது. முதலில் ஆஸ்பத்திரி, முகாம் என்றார் தாசில்தார். முதலில் ஹப் டவர் என்றேன் நான். அது எழாமல் அதைச் சார்ந்த பத்து டவர்கள் எழாது. கம்பெனிக்காரன் காசைப் பார்க்கிறான் என்று நினைத்தார் போல. கொஞ்சம் யோசித்துவிட்டு அவரே சொன்னார்: "சரி, தலைவாய்க்கால்ல தண்ணி விடாம கடைமடைக்கு எப்படி வரும்?"

மறுநாள் ஒரு டவரில் ஜெனரேட்டர் ஓடியதும் ஊரே செல்போனும் சார்ஜருமாக வந்து நின்றது. வெளியாட்களுக்கு இணைப்பு தரக் கூடாது என்பது விதி. வேலிக்கு வெளியே ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸை நீட்டிவிட்டு, நாங்கள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டோம்.

இரண்டு மாதம் கழித்து எங்கள் கணக்குத் தணிக்கையில் அந்த 40 லிட்டர் எந்த டவருக்கு என்று கேட்டார்கள். ஜேசிபிக்கு டவர் எண் கிடையாதே. ஆர்.ஐ. முத்திரை குத்திக் கொடுத்த துண்டுச் சீட்டைக் காட்டினேன், செல்லாது என்றார்கள். மூவாயிரத்துச் சொச்சம் வந்தது. மூன்று பேரும் பங்கு போட்டுக் கட்டினோம்.