சீட் கவருக்கு அடியில்

விபத்தில் அடிபட்ட வண்டிகளைப் பார்த்து நஷ்டத்தை மதிப்பிடுவது என் தொழில். மோட்டார் இன்சூரன்ஸ் சர்வேயர். சேலத்தில் வீடு. 22 வருடமாக தருமபுரி, நாமக்கல், ஈரோடு என்று சுற்றுகிறேன். கல்யாண வீட்டில் யாராவது என்ன வேலை என்று கேட்டு, நான் பதில் சொல்லிவிட்டால் போச்சு. பந்தி முடிவதற்குள் அவர் வண்டியின் பம்பர் கீறலை போனில் காட்டிவிடுவார்.

தொழில் பழகியது தொப்பூர் கணவாயில்தான். தருமபுரியிலிருந்து சேலம் வரும்போது இறங்கும் சரிவு அது. இரட்டைப் பாலம் பக்கம் எத்தனை முறை ஸ்பாட் சர்வேக்குப் போயிருப்பேன் என்று கணக்கில்லை. போய் இறங்கியதும் முதலில் வருவது பிரேக் லைனர் கருகிய வாடை. டீசலை மிச்சம் பிடிக்க லாரியை நியூட்ரலில் போட்டு இறக்குவார்கள். சிலர் இன்ஜினையே அணைத்துவிடுவார்கள். இன்ஜின் ஓடினால்தான் பிரேக்குக்குக் காற்று ஏறும். அணைத்துவிட்டு நாலு முறை மிதித்தால் டேங்கில் இருக்கும் காற்றும் தீர்ந்துவிடும். கேட்டால், "பிரேக் பிடிக்கலைங்க" என்பார்கள். பிரேக் பிடித்துப் பிடித்துத்தான் போயிருக்கும். "ஏறின கியர்லயே இறங்கணும் சார், அவ்வளவுதான் டிரைவிங்" என்று ஒரு வயதான லாரி டிரைவர் அங்கே டீக்கடையில் சொன்னார். எனக்கு லைசென்ஸ் கொடுத்தபோதுகூட யாரும் அப்படிச் சொல்லித்தரவில்லை.

வண்டி பொய் சொல்லாது. உரிமையாளர் சொல்வார். "60லதான் சார் வந்தேன்" என்பார். சேசிஸ் வேறு சொல்லும். "புது டயர்" என்பார். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் அச்சிட்டிருக்கும். 2316 என்றால் 2016-ஆம் வருடத்தின் 23-ஆவது வாரம் செய்தது. சீட் பெல்ட் போட்டிருந்தாரா என்பதும் பெல்ட்டிலேயே எழுதியிருக்கும். போட்டிருந்தால் உடம்பின் பாரம் இழுத்த இடத்தில் நாடா பளபளவென்று தேய்ந்து, இழுபட்ட நிலையிலேயே தொங்கும். போடாவிட்டால் பல வண்டிகளில் பெல்ட் தூணோடு விறைப்பாகப் பூட்டிக்கொண்டு கிடக்கும். பக்கிளில் வெறும் கிளிப் ஒன்று செருகியிருந்தால் கேட்கவே வேண்டாம், அது பீப் சத்தத்தை நிறுத்த வாங்கியது. 2023-இல் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இந்தக் கிளிப்புகளை ஆன்லைன் கடைகளிலிருந்து எடுக்கச் சொன்னது. ஒர்க்‌ஷாப்களில் எனக்கு இன்னும் கண்ணில் படுகிறது.

சாதாரண பாலிசியில் தேய்மானக் கணக்கு ஒன்று உண்டு. கண்ணாடிக்குத் தேய்மானம் இல்லை. ரப்பர், பிளாஸ்டிக், டயர், பேட்டரி எல்லாம் பாதி விலை கழியும். ஏர்பேக்கும் அந்த வரிசையில்தான். உயிரைக் காப்பாற்றிய ஏர்பேக்குக்கும் உடைந்த பம்பருக்கும் ஒரே 50 சதவீதம். ஆரம்பத்தில் இது எனக்குச் சிரிப்பாக இருந்தது.

சிரிப்பு போனது ஒரு காரைப் பார்த்த பிறகு. சங்ககிரி தாண்டி, ராத்திரியில் பஞ்சராகி நின்ற லாரியின் பின்னால் மோதிய வண்டி. அந்த லாரிக்குப் பின்விளக்கு எரியவில்லை. எச்சரிக்கைக்கு ஒரு மரக்கிளையும் ரெண்டு கல்லும் வைத்திருந்தார்கள். காரின் முன்பகுதி நொறுங்கியிருந்தது, அது எதிர்பார்த்ததுதான். ஏர்பேக் இரண்டும் விரிந்திருந்தன, முன் பெல்ட் இரண்டிலும் இழுபட்ட தடம். டிரைவருக்குப் பக்கத்து சீட்டைப் பார்த்ததும்தான் ஏதோ இடித்தது. அதன் முதுகு முன்பக்கமாக வளைந்திருந்தது. மோதியது முன்னால், சீட்டை வளைத்தது பின்னால் இருந்தவர்.

பின் சீட்டில் அழகான மெரூன் நிற சீட் கவர். பக்கிளைத் தேடினேன், காணோம். கவரை ஒரு ஓரம் கிழித்துக் கையை விட்டேன். மூன்று பக்கிளும் உள்ளே இருந்தன, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல்.

உரிமையாளர் டாஷ்போர்டில் இருந்த பிள்ளையாரை எடுத்துக்கொள்ள வந்திருந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும். "நாங்க ரெண்டு பேரும் நெஞ்சு கன்னிப்போனதோட சரிங்க சார். பின்னாடி அம்மாதான்..." என்றார். அவர் பார்வை நான் கிழித்த இடத்துக்குப் போனது. நான் ஒன்றும் சொல்லவில்லை. படிவத்தில் "முன் சீட் ஃபிரேம், மாற்ற வேண்டும்" என்று எழுதினேன். பெல்ட் போட்டிருந்தாரா என்று கேட்கும் கட்டம் என் படிவத்தில் கிடையாது. நான் மதிப்பிடுவது வண்டியை.

வீட்டுக்கு வந்து என் காரின் பின்கதவைத் திறந்தேன். என் சீட் கவருக்கு அடியிலும் மூன்று பக்கிள் இருந்தன. ஊருக்கெல்லாம் சர்வே பண்ணுகிறவன்.

மறுநாள் சீட் கவர் கடைக்குப் போனேன். கடைக்காரர் பிளேடை எடுத்துக்கொண்டே பேசினார். "2022-ல சைரஸ் மிஸ்திரி பின் சீட்ல இருந்து செத்தாருல்லங்க, அப்ப ஒரு மாசம் எல்லோரும் ஓட்டை போட்டுக் குடுங்கன்னாங்க. அப்புறம் ஒருத்தரும் கேக்கறதில்ல. துணி சுருங்குதாம்." பின் சீட்டில் பெல்ட் போடாவிட்டாலும் 1000 ரூபாய் அபராதம் உண்டு என்றேன். யாரும் பிடித்துப் பார்த்ததில்லை என்றார். நானும் பார்த்ததில்லை.

இத்தனை நொறுங்கிய வண்டிகளைப் பார்த்தும் எப்படி ஸ்டியரிங்கைத் தொட மனசு வருகிறது என்று கேட்பார்கள். எனக்கு ஓட்டப் பிடிக்கும், அதிலும் மலைப்பாதை. ஏற்காடு 20 கொண்டை ஊசி வளைவோடு சீக்கிரம் முடிந்துவிடும். கொல்லிமலைக்கு 70. காரவள்ளி அடிவாரத்தில் காலை ஆறு மணிக்கு ஏற ஆரம்பித்தால், இரண்டாம் கியரில் இன்ஜின் ஒரே சீராக முனகும். ஒவ்வொரு வளைவிலும் ஹார்ன், பின் காது கொடுத்து ஒரு நொடி. எதிர் ஹார்ன் இல்லாவிட்டால் ஸ்டியரிங்கை ஒடித்துத் திருப்பலாம். இறங்கும்போது மேலே ஏறி வருகிறவனுக்கு ஒதுங்கி வழி விடவேண்டும். அவன் கையைத் தூக்கிவிட்டுப் போவான். நாலு வழிச்சாலையில் அப்படி யாரும் என்னைப் பார்த்ததே இல்லை.

போன தை மாதம் அம்மாவைக் கொல்லிமலை அறப்பளீஸ்வரர் கோவிலுக்கு அப்படித்தான் கூட்டிப்போனேன். பின் சீட்டில் பெல்ட்டை மாட்டிவிட்டதும், "என்னை எதுக்குடா மாட்டைக் கட்டற மாதிரி கட்டற, பட்டுப்புடவை கசங்குது" என்று ஆரம்பித்தவர் மலைமேல் சோளக்காடு வரை நிறுத்தவில்லை. திரும்பும்போது இரண்டாம் கியரிலேயே இறக்கினேன். லைனர் வாடை வரவில்லை. நாற்பதாவது வளைவில் அம்மா தூங்கிவிட்டார். தலை சாய்ந்தாலும் உடம்பு சரியவில்லை, பெல்ட் பிடித்திருந்தது.

காரவள்ளியில் டீக்கடை ஓரம் நிறுத்தி, இறங்கி, கதவைத் திறந்துவிட்டேன். அம்மா இறங்கவில்லை.

"இந்த முடிச்சை எப்படிடா அவுக்கறது?" என்றார்.